உள்ளான் கிடைக்காத சனிக்கிழமைகள்

எண்பதுகளின் நடுவில் என் மனைவி முழுகாமல் இருந்தாள். ஆக்லாந்தில், கிளென்ஃபீல்டில் வாடகை வீடு. பாணோ சோறோ, அவள் எதைத் தின்றாலும் வந்த வழியே திரும்பிப் போகும். கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"உள்ளான் கறி எண்டால் தின்னுவன்."

மாரிக்கு யாழ்ப்பாணக் கடல்நீரேரிக்குப் பறந்து வரும் அந்தச் சின்னப் பறவையை ஆக்லாந்தில் நான் எங்கே போய்த் தேடுவது? ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிள்ளைக்குக் காது வடியும் என்பார்கள். நான் அதை நம்புகிறவன் இல்லை. ஆனாலும் அவளுடைய கன்ன எலும்பைப் பார்க்கப் பயமாக இருந்தது.

என்னோடு வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் மே மாதம் பிறந்தால் காட்டுத்தாரா சுடப் போவார். வாத்துதான், எங்களுக்குத் தாரா. சனிக்கிழமை விடியுமுன் அவருடைய வான் வண்டியில் தொற்றிக்கொண்டேன். துவக்கும் தோட்டாவும் அவருடையவை, சுமக்கிற வேலை என்னுடையது. கைப்பாராப் பக்கத்துச் சதுப்பில், மைமை என்று அவர்கள் சொல்லும் நாணல் மறைப்புக்குள் குளிரில் விறைத்துப்போய்க் குந்தியிருப்போம். போன கிழமை வானம் நிறையத் தாரா என்பார். நாங்கள் போனால் ஒரு சிறகு இருக்காது. காற்று மாறிவிட்டது என்பார், தண்ணீர் கூடிவிட்டது என்பார். மழை மட்டும் எங்களைத் தவறாமல் கண்டுபிடித்தது.

ஒரு சனிக்கிழமை, வற்றிய சேற்றில், நெட்டைக் கால்களோடு உள்ளான்கள்! கூட்டம் கூட்டமாக!

"சுடுங்கோ, சுடுங்கோ!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

அவர் துவக்கைத் தாழ்த்தினார். அதைச் சுடச் சட்டம் விடாது, தொட்டால் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும் என்றார். அவை எங்கள் கண் முன்னாலேயே ஆறுதலாக மேய்ந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தேநீர் ஊற்றித் தந்தார்.

அதற்குப் பிறகும் போனோம். கடைசியில் ஒருநாள், போதும் என்று சாமான்களைக் கட்டும்போது எங்கிருந்தோ இரண்டு தாரா வந்தன. ஒன்று விழுந்தது. அதை எனக்கே தந்துவிட்டார்.

இறகு பிடுங்கி, தூள் போட்டு, நானே காய்ச்சினேன். உடம்பெல்லாம் நோவு. அவள் ஒரு துண்டை எடுத்து மென்றாள்.

"இது உள்ளான் இல்லை."

"ஓம், தாரா," என்றேன். பொய் சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை.

அவள் அழுதாள். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு சோற்றுக் கோப்பையை என்னிடம் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கோ."