தாடையால் சுருதி சேர்த்த நோரா

1. ஃபீட்பேக்

நோராவுக்குக் காது கேட்கவில்லை என்பதை அந்த மண்டபத்தில் முதலில் அறிந்தவன் நான்.

பெப்ரவரி மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. கச்சேரி பின்னேரம் மூன்று மணிக்கு. நான் சவுண்ட்செக் செய்துகொண்டிருந்தேன். நோரா பிடில் வாசித்துக்கொண்டிருந்தபோது வாசிப்பது அவருக்கே கேட்பதற்காகக் காலடியில் வைத்திருந்த மொனிட்டர் ஸ்பீக்கர் திடீரென்று ஃபீட்பேக் அடித்தது. காதைத் துளைக்கும் கூவல். பக்கத்தில் இருந்த கிற்றார்காரர் பிரெண்டன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். எங்கள் மேடைத் தச்சர் யேசுதாசன் அண்ணை ஏணியில் நின்றபடி "டேய், நிப்பாட்டடா அதை!" என்று கத்தினார். நோரா வில்லை நிறுத்தவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முப்பது வருடமாக மொன்றியலில் சவுண்ட் வேலை செய்கிறேன். அந்தக் கூவலுக்கு முகம் சுளிக்காத மனிதரை அதுவரை கண்டதில்லை.

2. பஸ் ஓட்டிய பிடில்காரி

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆகவே நோரா யார் என்று சொல்லவேண்டும்.

சிக்காகோவில் பிறந்தவர். தகப்பன் அயர்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து வந்து கட்டட வேலை செய்தவர். மகளுக்குப் பிடில் பழக்கியதும் அவர்தான். ஒன்பது வயதில் நோரா ஐரிஷ்காரர்களின் நடன மண்டபத்தில் ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்று வாசிக்கத் தொடங்கிவிட்டார். பிறகு இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். வெள்ளிக்கிழமை கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு, பஸ்ஸை நிறுத்திவிட்டு, தன் காரில் ஏறி அடுத்த ஊருக்குக் கச்சேரிக்குப் போவார். திங்கட்கிழமை காலையில் திரும்ப பஸ். அவருக்கு எத்தனை மெட்டுகள் தெரியும் என்று அவருக்கே தெரியாது. மேடையில் ஒரு தாள்கூட வைத்து நான் பார்த்ததில்லை. ஒரே மெட்டை மூன்று தரம் வாசிப்பார். மூன்று தரமும் வேறு வேறாக இருக்கும்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் பங்குக் கோயிலிலும் வயலினைப் பிடில் என்றுதான் சொல்லுவோம். அதனால் அவரை முதல் தரம் மிக்ஸ் செய்தபோது, எனக்குத் தெரிந்த வாத்தியம்தானே என்று துணிந்து இறங்கினேன். கலியாண வீடு, அரங்கேற்றம், திருவிழா என்று நான் வேலை பழகிய இடங்களில் எக்கோ இல்லாமல் ஒன்றும் நடக்காது. தாராளமாகப் போட்டேன். நோரா வாசிப்பதை நிறுத்திவிட்டு, நான் ஒலியைக் கட்டுப்படுத்தும் மேசைக்கே, என் கன்சோலுக்கே வந்துவிட்டார். அவர் பேசியது ஆங்கிலத்தில். எங்கள் பேச்சில் தருகிறேன்.

"ஆர் என்ரை பிடிலைக் கிணத்துக்குள்ளை போட்டது?"

"நான்தான், அம்மா. வடிவாய் இருக்கும் எண்டு நினைச்சன்."

"ஆடுறவைக்குத் தாளம் விளங்கவேணும். இப்பிடி எக்கோ போட்டால் அவை ஒராளோடை ஒராள் முட்டி விழுந்திடுவினம்."

எக்கோவின் ஃபேடரை, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்தத் தள்ளுகுமிழை, அடிவரை இறக்கினேன். ஒரேயொரு மைக், ஒரு முழத் தூரத்தில். அன்று கேட்ட சத்தத்தை நான் மறக்கவில்லை. வில்லின் மயிர் கம்பியில் உரசுவதுகூடத் தெளிவாக இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாரியிலும், பனி கொட்டும் காலத்தில், அவர் எங்கள் மண்டபத்துக்கு வந்தார். நகரின் கிழக்கே, பழைய தேவாலயம் ஒன்றை மண்டபமாக மாற்றிய இடம் அது. இந்த மாகாணத்துப் பிரெஞ்சுக்காரரான கெபெக்காரருக்கும் பிடில் என்றால் உயிர். ஆசனம் ஒன்றும் மிஞ்சாது.

3. மேடைக்குப் பின்னால்

மொனிட்டரை அணைத்துவிட்டு மேடைக்கு ஓடி அவருடைய தோளைத் தொட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"கண்டுபிடிச்சிட்டீர் என்ன?" என்றார்.

மேடைக்குப் பின்னால் சின்னச் சமையலறை ஒன்று இருக்கிறது. அங்கே உட்கார்ந்து சொன்னார். வலது காது பல வருடமாகவே மந்தம், கருவி போட்டிருந்தார். பத்து நாளுக்கு முன் ஒரு காலையில் எழும்பியபோது இடது காது முழுதாக அடங்கிப்போயிருந்தது. டொக்ரர் குளிசை கொடுத்திருக்கிறார். திரும்பி வரலாம், வராமலும் போகலாம். வலது காதுக் கருவியால் ஆட்கள் கதைப்பது ஓரளவு விளங்கும், முகத்தைப் பார்த்து மெதுவாக, ஆறுதலாகக் கதைத்தால். ஆனால் அதோடு பிடிலை எடுத்தால் இரண்டு பிடில் கேட்கும், ஒன்று கோணலாக. அதனால் வாசிக்கும்போது கருவியைக் கழற்றிவிடுவார்.

பிரெண்டன் இருபது வருடமாக அவருடன் வாசிப்பவர். முகம் சிவந்துவிட்டது.

"சிக்காகோவிலை இருந்து உங்களைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு வான் ஓட்டி வந்தனான். தடிமன் காய்ச்சல் எண்டு சொல்லி நித்திரை கொண்டீங்கள். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!"

"சொன்னால் வானைத் திருப்பியிருப்பீர்."

மண்டபப் பொறுப்பாளர் லூசி, கெபெக் பெண், விஷயம் கேள்விப்பட்டு வந்தார். பன்னிரண்டு மணிக்குள் முடிவு தெரியவேண்டும் என்றார். பிறகு நோராவின் முன்னால் குந்தியிருந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"ஒத்திவைப்பம், நோரா. சனம் கோவிக்காது."

"எந்தத் திகதிக்கு ஒத்திவைப்பீர்?"

 

நோரா காதுக் கருவியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிடிலின் நான்கு தந்திகளையும் தானே தளர்த்தினார். ஒரு தந்தியை மட்டும் பிரெண்டனின் சுருதி காட்டும் ரியூனரைப் பார்த்து ஏற்றினார். பிறகு கண்ணை மூடி, தாடையைப் பிடிலில் அழுத்தி, இரண்டிரண்டு தந்தியாகச் சேர்த்து இழுத்து, தந்தி முறுக்கும் ஆணியைத் திருகினார். எல்லாம் ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

"ஒத்து வராட்டில் தாடை எலும்பிலை ஒரு நடுக்கம் ஓடும். நடுக்கம் நிண்டால் சரி" என்றார். "பாரும்."

தந்தி தந்தியாக ரியூனரில் பார்த்தேன். நாலு தந்திக்கும் முள் நட்டநடுவில் நின்றது. நான் காதால் செய்தாலும் அவ்வளவு சரியாக வராது. 

"சுருதி பிரச்சினை இல்லை" என்றார் நோரா. "பிரெண்டன் எங்கை நிக்கிறார் எண்டுதான் தெரியேல்லை. தாளம் பிடிபடேல்லை. அதுக்கு ஒரு வழி சொல்லுங்கோ."

4. பலகை

வழி சொன்னவர் லூசி. கெபெக் பிடில்காரர்கள் கதிரையில் இருந்து, ஒரு பலகையில் இரண்டு காலாலும் தாளம் அடித்துக்கொண்டு வாசிப்பார்கள். "பிரெண்டன் ஒரு பலகையிலை அடிச்சு, அதே பலகையிலை நோரா காலை வைச்சால்?" என்று கேட்டார்.

உடனே ஒரு பலகையை மேடையில் போட்டுப் பார்த்தோம். நோரா இல்லை என்று தலையாட்டினார். காலுக்கு ஒன்றும் வரவில்லை.

யேசுதாசன் அண்ணை மன்னார்க்காரர். வள்ளம் கட்டிய குடும்பம். பலகையைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "தம்பி, கீழை சீமெந்து. எப்பிடி அதிரும்? வள்ளம் மாதிரி உள்ளுக்கு வெறுமையாய் இருக்கவேணும். முக்கால் மணித்தியாலம் தா."

எங்கள் தொழிலில் மேடைக்குக் கீழே ரப்பர் வைப்போம், கம்பளம் விரிப்போம். அதிர்வு மைக்குக்குள் வந்துவிடக்கூடாது என்று பயம். அன்று ரப்பரையும் கம்பளத்தையும் நானே பிடுங்கி எறிந்தேன். அண்ணை மரச்சட்டம் அடித்து மேலே மெல்லிய பிளைவுட் போட்டார். அதன்மேல் இரண்டு கதிரை. பிரெண்டன் ஏறி அடித்தார். அவர் போட்டிருந்தது பனிச் சப்பாத்து. சத்தம் மொத்தையாக வந்தது.

"உம்மடை கால் என்ன அளவு?" என்று அண்ணை கேட்டார். அவர் காலைப் பூசைக்குப் போய்விட்டு நேரே வேலைக்கு வந்தவர். தோல் சப்பாத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அன்று முழுதும் சொக்ஸோடு திரிந்தார்.

பிரெண்டன் மறுபடி அடித்தார். நோரா கண்ணை மூடியிருந்தார்.  பிறகு அவருடைய வலது பாதம் மெதுவாக அசையத் தொடங்கியது.

"ஓம்" என்றார். "இஞ்சை இருக்கிறீர்."

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். கச்சேரி நடக்கும் என்று லூசி அறிவித்துவிட்டார்.

5. தளர்ந்த தந்தி

சனத்துக்கு ஒன்றும் சொல்லவேண்டாம் என்று நோரா கேட்டிருந்தார். மொனிட்டர் எல்லாவற்றையும் அணைத்தேன். இருவருக்கும் நடுவில் ஒரு மைக். முதல் பாதி அப்படியே ஓடியது. என் பயம்கூடக் குறைந்துவிட்டது.

இரண்டாம் பாதியில், வேகமான மெட்டு ஒன்று. மாரியில் ஹீற்றர் போட்ட மண்டபத்தில் காற்று காய்ந்துபோகும். பிடிலின் ஆணிகள் தானாக நழுவும். மூன்றாவது தந்தி இறங்குவது எனக்குக் கேட்டது. கால் சுரம், பிறகு அரைச் சுரம். முன்வரிசையில் ஒருவர் தலையைத் திருப்பினார். நான் மண்டபத்தின் கடைசியில் இருந்தேன். கத்தினாலும் அவருக்குக் கேட்காது. எழுந்து நின்று கையை ஆட்டினேன். அவர் கண்ணை மூடியிருந்தார்.

தாடை எலும்பில் நடுக்கம் ஓடியிருக்கவேண்டும், நோரா வில்லை உயர்த்தினார். பிரெண்டனின் கால் நிற்கவில்லை. நோரா அந்தத் தாளத்துக்கே தலையை அசைத்தபடி, பக்கத்துத் தந்தியோடு சேர்த்து ஒரு நீளமான இழுப்பு இழுத்து, இடது கையால் ஆணியை உள்ளே தள்ளித் திருகினார். சுருதி ஏறி வந்து பொருந்தியது. அடுத்த அடியின் தலையிலேயே மெட்டுக்குள் திரும்பிப் போனார். சனம் அதுவும் வாசிப்பின் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டியது. நான் திரும்பக் கதிரையில் உட்கார்ந்தேன். 

முடிவில் எல்லோரும் எழுந்தார்கள். நோரா பார்த்தது அசைகிற கைகளை மட்டும்தான். லூசி சுவரோரம் நின்று காலால் நிலத்தை உதைத்தார். கெபெக்காரருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மண்டபம் முழுதும் உதைத்தது. மேடை சீமெந்து, ஆனால் சனம் நின்றது பழைய தேவாலயத்தின் மரத் தளத்தில். நோரா படியால் இறங்கி அவர்களுக்கு நடுவே போய் நின்றார். கால் வழியாக அது அவருக்கு ஏறுவதை முகத்தில் கண்டேன்.

6. சொல்லிக்காட்டியது

சனம் போனபின் நோரா சமையலறையில் எனக்காகக் காத்திருந்தார்.

"எப்பிடி இருந்தது?"

"ரெக்கோர்டிங் இருக்குது" என்று சொன்னேன். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் கோபிக்கவில்லை. "என்ரை கச்சேரியை நான் மட்டும்தான் கேக்கேல்லை. நீர் கேட்டனீர். சொல்லும்."

கேபிள் சுற்றுவதை விட்டுவிட்டு அவர் முன்னால் உட்கார்ந்தேன். ஒவ்வொரு மெட்டாக, அவர் என் உதட்டைப் பார்க்கும்படி ஆறுதலாகச் சொன்னேன். இரண்டாவது மெட்டின் மூன்றாம் சுற்றில் அவர் ஒரு சுரத்தை வேண்டுமென்றே தாமதித்தது. மெதுவான மெட்டில் வில் கம்பியை விட்டபிறகும் சத்தம் மண்டபத்தின் முகட்டில் நின்றது. ஒரு வயதான மனிதர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தது. தந்தி தளர்ந்ததையும் மறைக்காமல் சொன்னேன். சில இடங்களில் எனக்குச் சொல்லு வரவில்லை. முப்பது வருடம் காதால் வேலை செய்தவன், எத்தனை கச்சேரியை அரைகுறையாகக் கேட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

இடது காது திரும்பி வரவில்லை. அண்ணை அந்தப் பலகையை இரண்டாகப் பிரித்து, மடக்கும்படி பிணைச்சல் போட்டு, அவர்களுடைய வானுக்குள் ஏற்றிக் கொடுத்தார். நோரா மேலும் இரண்டு மாரி எங்களிடம் வந்து வாசித்தார். பிறகு பயணத்தை நிறுத்திவிட்டார். இப்போது சிக்காகோவில் நடன வகுப்பு ஒன்றுக்கு வாசிக்கிறாராம். ஆடுகிறவர்களையும் பலகை போட்டுத்தான் ஆடவிடுகிறார் என்று பிரெண்டன் எழுதியிருந்தார்.

சவுண்ட் வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் எந்த கன்சோல் நல்லது, எந்த மைக் நல்லது என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்லுகிறேன். அதோடு இதையும் சொல்லுகிறேன். கச்சேரி தொடங்கும்போது, இதைக் கேட்க முடியாத ஒருவருக்கு முடிந்தபின் நீ சொல்லவேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொள். பிறகு ஃபேடரில் கையை வை.