கம்பி வேலிக்குப் பின்னால் இருக்க மாட்டேன்

எழுபதுகளில் மெல்பேர்ணின் மேற்குப் பக்கத்தில் பேஸ்போல் பந்து எறிந்த ஒரே தமிழன் நான்தான். இல்லை என்று சொல்பவர் என் முன்னால் வந்து நின்று சொல்லட்டும். இங்கே கூட்டங்களில் பழைய ஆட்கள் தங்கள் பள்ளிக்கூடத்துக் கிரிக்கெட் பெருமையை எடுத்து விடும்போது நான் வாயைத் திறப்பதில்லை. அவர்கள் படித்தது பெரிய பள்ளிக்கூடம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் இன்றைக்கு எனக்குச் சொந்தமாக ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. பட்டம் எடுத்த இரண்டு பேர் அதில் என்னிடம் கேட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். ஆகவே இதை நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள், என்னிடம் வந்து சொல்ல வேண்டாம்.

ஊரில் என்னைக் கிரிக்கெட் பந்து போட விட்டதில்லை. முழங்கை மடங்குகிறதாம், நான் போடுவதில்லையாம், எறிகிறேனாம். கோயில் வெளியில் விளையாடும் பெடியள்கூட என்னை ‘எறிகாரன்’ என்றுதான் கூப்பிட்டார்கள். பிறகு கப்பலில் எஞ்சின் அறையில் வேலை செய்து, இங்கே இறங்கி, கடதாசிகள் எடுத்து, ஓர் இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தூரத்தில் இருந்த டிரம்முக்குள் கழிவு நட்டுகளை எறிந்து விளையாடுவோம். பத்து எறிந்தால் எனக்கு ஒன்பது உள்ளே விழும். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஃபோர்மன் அடுத்த சனிக்கிழமை என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போனான். அவன் எங்கள் தொழிற்சாலை பேஸ்போல் கிளப்பின் கோச். ஊரில் குற்றமாக இருந்த கை இங்கே கெட்டித்தனமாகிவிட்டது.

பேஸ்போல் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. மட்டைக்காரனுக்குப் பந்து எறிபவன் பிட்சர். ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ். கிரிக்கெட்டைப் போல ஆறு பந்துக்கு ஒருதரம் ஆள் மாறுவதில்லை. முதல் பந்தை எறிபவன் தொடர்ந்து எறிந்துகொண்டே இருப்பான். அவனுடைய கை களைத்தால் கோச் நடந்து போய் அவன் கையிலிருந்து பந்தை வாங்கி அடுத்தவனிடம் கொடுப்பான். அந்த அடுத்தவன் அதுவரைக்கும் மைதான ஓரத்தில், ஒரு கம்பி வேலிக்குப் பின்னால், கையைச் சூடாக்கிக்கொண்டு இருக்க வேண்டும். அந்த இடத்துக்குப் புல்பென், அதாவது காளைப் பட்டி, என்று பெயர். அந்தக் காலத்தில் நாங்கள் குளிர்காலத்தில் விளையாடுவோம். வேலிக்குப் பின்னால் முழங்கால் வரை சேறும், முகத்தில் அறையும் தென்துருவக் குளிர்காற்றும்தான்.

முதல் எட்டு ஆட்டத்திலும் முதல் பந்தை எறிந்தவன் நான். ஆறில் வென்றோம். தோற்ற இரண்டும் என் பிழை இல்லை.

எங்கள் கிளப்பில் ஓட்டக் கணக்கு எழுதியவரும் ஒரு தமிழர்தான். கொழும்புக்காரர், தொழிற்சாலை மேல்மாடியில் கணக்காளர். முந்நூறு பேர் வேலை செய்த அந்த இடத்தில் நாங்கள் இரண்டே தமிழர். அண்ணன் தம்பி மாதிரி இருந்திருப்போம் என்று நினைப்பீர்கள். முதல் நாளே, எல்லாரையும் கூப்பிடுவது போல ‘ஐசே’ போட்டு, அவர் என்னிடம் கேட்ட கேள்வி இது:

“எந்தப் பள்ளிக்கூடம் ஐசே?”

“அஞ்சாம் வகுப்போட விட்டனான்.”

“ஓ.”

அந்த ‘ஓ’வை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் என்னைப் பற்றி நல்லதாகச் சொன்ன ஒரு சொல்லும் எனக்கு நினைவில்லை. நான் அவரைப் பற்றிச் சொன்னதும் இல்லை.

எட்டாவது ஆட்டத்துக்குப் பிறகு ஒருநாள் அவர் கன்டீனுக்கு இறங்கி வந்தார். கீழே வந்து தேத்தண்ணி குடிக்கிற ஆள் இல்லை அவர். நேரே என் மேசைக்கு வந்தார்.

“உம்மை ஆத்துக்கு அந்தப் பக்கத்துக் கிளப்புக்குக் குடுக்கப் போறாங்களாம்.”

“குடுக்கிறதுக்கு நான் என்ன ஆடோ?”

“ஆடில்லை, மாத்து. அவையின்ர நல்ல கட்சர் ஒருத்தன் இங்க வாறான், நீர் அங்க போறீர். கடிதம் நான்தான் டைப் பண்ண வேணும் போல கிடக்கு.”

கட்சர் என்பவன் பிட்சர் எறியும் பந்தை மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்து பிடிப்பவன். ஒருவர் ஒரு கிளப்பை விட்டு இன்னொரு கிளப்புக்குப் போவதென்றால் பழைய கிளப் கிளியரன்ஸ் கடிதம் கொடுக்க வேண்டும். இரண்டு கிளப்புகள் பேசி அப்படி ஆள் மாற்றிக்கொள்வதும் உண்டு.

“ஆர் சொன்னது?” என்றேன்.

“எல்லாரும் கதைக்கினம். உமக்கு இங்கிலிஷ் விளங்காததால கேக்கேல்லை.”

அந்த வாரம் முழுக்க வார்ப்படத் தீயின் முன்னால் நின்று நான் வேலை செய்தேனோ, எரிந்தேனோ தெரியாது. கிரேக்கன், இத்தாலியன், துருக்கியன் என்று எல்லாரிடமும் கேட்டேன். எல்லாருமே கேள்விப்பட்டிருந்தார்கள். ஆனால் யாரிடம் கேள்விப்பட்டாய் என்றால் எல்லா விரலும் மேல்மாடியைத்தான் காட்டியது.

வியாழக்கிழமை பயிற்சியில் கோச் என்னைத் தனியே கூப்பிட்டான். அவன் இங்கிலிஷில் சொன்னதை எனக்கு விளங்கின மாதிரி எழுதுகிறேன்.

“இனி நீ முதல்ல எறிய வேண்டாம். செம்பட்டையன் எறியட்டும். கடைசி மூண்டு இன்னிங்ஸுக்கு நீ வா.”

செம்பட்டையன் என்பவன் எங்கள் அணியில் இருந்த சிவந்த தலைமயிர்க்காரன். இடது கைக்காரன். நல்ல பிள்ளைதான். ஆனால் என் பந்தின் வேகத்தில் பாதிகூட இல்லை.

“அதுவரைக்கும் நான் எங்க?”

“புல்பென்னில.”

என் தலைக்குள் ஓடியது வேறு. எங்கள் ஊர்க் கல்யாண வீடுகளில் முதல் பந்தியில் யாரை இருத்துவார்கள், யாரை நிற்க வைப்பார்கள் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என் அப்பா வேலியோரம் நின்று இரண்டாம் பந்திக்குக் காத்திருந்ததை நான் பார்த்தவன். அவருடைய மகனை இந்த வெள்ளைக்காரன், அதுவும் கம்பி வேலிக்குப் பின்னால், காத்திருக்கச் சொல்கிறான்.

சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கணக்காளர் பக்கத்தில் வந்தார்.

“என்னவாம்?”

அவரிடம் சொன்னதுதான் என் மடைத்தனம். “என்னை ரண்டாம் பந்தியில இருத்தப் பாக்கிறாங்கள். நான் இருக்க மாட்டன்.”

அவர் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். “பந்தியோ! இது பேஸ்போல் ஐசே. உமக்குக் கிடைச்சிருக்கிறது மாட்டுப்பட்டி. அங்க வைக்கோல்தான் போடுவாங்கள்.”

வெள்ளிக்கிழமை காலை நான் ஃபோர்மனின் அறைக்குப் போய்க் கிளியரன்ஸ் கேட்டேன். அவன் வாயில் இருந்த சிகரெட்டை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“உன்னைக் குடுக்கிறதா நான் சொன்னனானோ?”

“ஊர் முழுக்கச் சொல்லுது.”

“அந்தக் கிளப் கேட்டது. நான் மாட்டன் எண்டு சொல்லிப்போட்டன். ஆட்டம் முடிவாகிறது கடைசி மூண்டு இன்னிங்ஸில. நல்ல கையை அதுக்கு வைச்சிருக்கிறன். விளங்குதோ?”

நான் நம்பவில்லை. கடைசியில்தான் நல்ல பாயசம் வரும் என்று சொல்லித்தானே என் அப்பாவையும் நிற்க வைத்தார்கள். இப்போது டிவியில் அமெரிக்க ஆட்டம் பார்க்கிறேன். கடைசி இன்னிங்ஸுக்கு வருகிறவனுக்குப் பாட்டுப் போட்டு, எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். கோச் அன்றைக்கு உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான் என்று இப்போது தெரிகிறது. தெரிந்து என்ன? எனக்கு அன்றைக்கு யாரும் பாட்டுப் போடவில்லை. காலடியில் சேறுதான் இருந்தது.

“ஆத்துக்கு அந்தப் பக்கம் எனக்கு முதல் பந்து தருவாங்கள். கடிதத்தைத் தா,” என்றேன்.

தந்தான். கணக்காளர்தான் டைப் பண்ணினார். கையெழுத்து வைக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல், “இஞ்ச ஒரு புள்ளடி போட்டாலும் காணும்,” என்றார், பெயர் எழுதத் தெரியாதவனுக்குச் சொல்வது போல. நான் என் முழுப் பெயரையும் தமிழில், அந்தக் கடதாசியின் பாதியை அடைக்கிற அளவுக்குப் பெரிதாக எழுதினேன்.

சேர்ந்த அன்றே புதுக் கிளப்பிடம் அதைக் கேட்டு வாங்கினேன், அவர்களும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். முதல் பந்து எனக்குத்தான். சீசனின் கடைசி ஆட்டம், சொல்லி வைத்த மாதிரி, என் பழைய கிளப்போடு. வெல்கிற கிளப் இறுதிச் சுற்றுக்குப் போகும், தோற்கிற கிளப் வீட்டுக்குப் போகும். அன்று காலை நான் தோளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு நின்றபோது என் மனைவி கேட்டாள்.

“பந்து எறியப் போறியளோ, சண்டை பிடிக்கப் போறியளோ?”

“ரண்டுக்கும்தான்.”

“அப்ப ரண்டு சேட்டு எடுத்து வைக்கிறன். ஒண்டு கிழியும்.”

ஆறு இன்னிங்ஸ் வரைக்கும் நான் எறிந்ததை அந்த மைதானத்தில் நின்றவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பழைய கிளப்புக்கு ஒரே ஒரு ஓட்டம், எங்களுக்கு இரண்டு. என் பழைய கோச்சை மூன்று தரம் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

ஏழாவது இன்னிங்ஸில் தோளுக்குள் ஏதோ அறுந்த மாதிரி ஒரு சுள்ளென்ற வலி. பந்து நான் நினைத்த இடத்துக்குப் போகவில்லை. இரண்டு பேர் பேஸில் ஏறி, ஓட்டம் எடுக்கக் காத்து நின்றார்கள். இன்னும் ஒரு நல்ல அடி விழுந்தால் முன்னுக்குப் போய்விடுவார்கள். அப்போது என் புதுக் கிளப்பின் கோச் வெளியே நடந்து வந்தான். வயதானவன், மரியாதையானவன். என் முன்னால் நின்று கையை நீட்டினான்.

“நல்லா எறிஞ்சாய். காணும். பந்தைத் தா.”

வேலிக்குப் பின்னால் கையைச் சூடாக்கிக்கொண்டிருந்த பெடியன் கதவைத் திறந்துகொண்டு நின்றான். அந்த நேரத்தில், ஓட்டக் கணக்கு மேசையிலிருந்து, நல்ல சுத்தமான தமிழில் ஒரு குரல் வந்தது.

“எழும்பும் ஐசே! சாப்பிட்டது காணும். இலையை மடியும்!”

அந்த மைதானத்தில் அது எனக்கு மட்டும்தான் விளங்கியது. முதல் பந்தியில் இருத்தி, பாதிச் சோற்றில் எழுப்புவதை விடக் கேவலம் எங்கள் ஆட்களுக்கு என்ன இருக்கிறது? நிற்க வைத்தால்கூடப் பொறுக்கலாம்.

பந்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

“தரமாட்டன்.”

“உன்ர தோள் போச்சுது. எனக்குத் தெரியுது.”

“தோள் என்ர. பந்தும் இப்ப என்ர. நீ போய் இரு.”

அம்பயர் வந்தான். கட்சர் வந்தான். பெடியன் வேலிக் கதவடியில் அப்படியே நின்றான். நீட்டின கையை அந்தக் கிழவன் கடைசியில் மடக்கிக்கொண்டு திரும்பி நடந்தான். அப்படி ஒரு கோச் தன் பிட்சரிடம் தோற்று நடந்ததை அங்கே யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

அடுத்த பந்தை மட்டைக்காரன் மைதானத்துக்கு வெளியே அடித்தான். மூன்று ஓட்டம். இரண்டுக்கு நான்கு. அதற்குப் பிறகு எட்டாவதும் ஒன்பதாவதும் நான் எப்படி எறிந்தேன் என்று எனக்கே தெரியாது. கண்ணில் தண்ணீர் வந்தது, வலியில். இன்னுமொரு ஓட்டம்கூட அவர்களுக்குக் கொடுக்கவில்லை. எங்கள் மட்டைக்காரர்களும் ஒன்றும் செய்யவில்லை. தோற்றோம்.

புது அணியில் ஒருவனும் என்னோடு பேசவில்லை. வேலிக் கதவடியில் நின்ற பெடியன் மட்டும் என் காலடியில் துப்பிவிட்டுப் போனான். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் அடித்திருப்பேன். வலது கை தொங்கிக்கொண்டிருக்க நேரே ஓட்டக் கணக்கு மேசைக்குப் போனேன். கணக்காளர் புத்தகத்தை மூடப் போனார். இடது கையை அதன் மேல் வைத்தேன்.

“என்ர பேருக்கு நேர எத்தினை இன்னிங்ஸ் எழுதியிருக்கிறீர்?”

“என்ன கதைக்கிறீர்? கையை எடும்.”

“எத்தினை?”

“ஒன்பது.” அவர் குரலில் அப்போது சிரிப்பு இல்லை. “தோல்வியும் அதே வரியிலதான் கிடக்கு. அதையும் வாசிக்கட்டோ?”

“வாசியும். எல்லாருக்கும் கேக்க வாசியும். தோத்தது நான். என்ர இடத்தில வேற ஒருத்தன் வந்து தோக்கேல்லை.”

அவர் வாசிக்கவில்லை. பேனையை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு எழுந்து போனார். அந்த வருசம் முடிய நான் அந்தத் தொழிற்சாலையை விட்டு விலகி, ஒரு காராஜில் வெல்டிங் தொடங்கினேன். இடது கையால்தான். வலது கை அதற்குப் பிறகு தோளுக்கு மேல் எழும்பியதில்லை, இப்போதும் எழும்பாது. சேட்டுப் போடும்போது மனைவி பின்னால் நின்று பிடித்துவிடுகிறாள். அவள் ஒவ்வொரு நாளும் ஏதோ முணுமுணுக்கிறாள். நான் கேட்பதில்லை.