வாயில் பறிக் கயிறு

லோகநாயகி ஓடுவதை முதலில் பார்த்தவர்கள், அவள் எதையோ தொலைத்துவிட்டுக் காலால் தேடுகிறாள் என்றுதான் நினைத்தார்கள். பாதம் தரையை விட்டு எழும்பவே இல்லை. ஏரியிலிருந்து வந்த பனி பழவேற்காட்டுச் சாலையை முழங்கால்வரை மூடியிருக்கும் விடிகாலையில், நாற்பதைத் தாண்டிய ஒருத்தி இரவல் சுடிதாரும் புருஷனின் சட்டையுமாகத் தாரைத் தேய்த்துக்கொண்டே போனால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

"இன்னாக்கா, ரோட்டுல இறால் தடவுறியா?" என்றாள் ஜெனிஃபர். சுடிதாரைக் கொடுத்தவள் அவள்தான். டயாலிசிஸ் நோயாளிகளைப் பொன்னேரிக்கு அழைத்துப்போகும் வேனில் நர்ஸ்.

"கால தூக்கி வெச்சா திருக்கைய மிதிச்சிருவேன், சிஸ்டர்."

"ரோட்டுல ஏதுக்கா திருக்கை?"

அதுவும் நியாயம்தான். ஆனால் பழகின காலுக்கு நியாயம் புரியுமா? பழவேற்காட்டுக்கு வாழ்க்கைப்பட்ட லோகநாயகி பிறந்தது பசியாவரம் தீவில். ஓடிப் பழக அங்கே தரை கொஞ்சம், தண்ணீர்தான் அதிகம். பறி என்கிற பனையோலைக் கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு நீரில் குந்தி, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பது அவள் பிழைப்பு. ஏரியில் காலைத் தூக்கி வைக்கக்கூடாது, இழைத்து இழைத்துத்தான் நகர வேண்டும். அப்போதுதான் சேற்றில் படுத்திருக்கும் திருக்கை மீன் விலகிப் போகும். மிதித்தால் வால்முள் ஏறும், ஒரு வாரம் எழுந்திருக்க முடியாது.

இப்படிப்பட்டவள் மாரத்தான் ஓடக் கிளம்பியதற்கு அவள் புருஷன் தங்கவேல்தான் காரணம். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, வாரத்தில் இரண்டு நாள் ஊசிக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தவன், ஒரு நாள் வேன் வாசலில் வந்து நின்றபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"போதும், லோகா. நா வர்ல. இப்டி குத்திக்கினு கெடக்கறதுக்கு..." என்று நிறுத்திக்கொண்டான்.

லோகநாயகி கெஞ்சினாள், திட்டினாள், அழுதும் பார்த்தாள். அவன் அசையவில்லை. ஜெனிஃபர் பேச்சை மாற்றுவதற்காக, வேன் நிற்காமல் ஓடுவதற்கு நன்கொடை திரட்டப் பொன்னேரியிலிருந்து பழவேற்காடுவரை ஒரு ஓட்டம் நடக்கப்போகிறது, நோயாளிகள் வீட்டிலிருந்தும் யாராவது ஓடினால் நன்றாயிருக்கும் என்றாள்.

"இவள ஓடச் சொல்லு," என்றான் தங்கவேல், சுவரைப் பார்த்தபடியே. "தண்ணியில தவழ்றவ ரோட்டுல ஓடட்டும். இவ அத்த முடிச்சிட்டா நா கம்முனு வந்து படுத்துக்கறேன்."

"அதுவரிக்கும்?" என்றாள் லோகநாயகி.

"அதுவரிக்கும் வரேன். முடிக்கலன்னா அப்றம் என்னைக் கூப்பிடக் கூடாது."

கேலிக்குத்தான் சொன்னான். அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அவன் வேண்டும். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஒரு மூலையில் கிடந்தாலும் சரி, உயிரோடு கிடக்க வேண்டும்.

ஆனால் ஆசைப்பட்டால் ஆயிற்றா? காட்டூர்ப் பக்கத்து வயல்வெளி வரும்வரை எப்படியோ போய்விடுவாள். அங்கே சாலை நேராக நீண்டு, பனிக்குள் போய் முடிவே இல்லாமல் கரையும். அதைப் பார்த்ததும் மனசு பேச ஆரம்பித்துவிடும். இன்னும் எவ்வளவு தூரம் இருக்கு பாரு. உன்னால ஆகாது. அவனையே உன்னால எழுப்ப முடியல, நீ எங்க ஓடிக் கிழிக்கப்போற? காலில் பலம் இருக்கும்போதே மனசு உட்கார்ந்துவிடும். அது உட்கார்ந்தபின் கால் மட்டும் என்ன செய்யும்? வரப்பில் சாய்ந்து மூச்சு வாங்குவாள். ஒவ்வொரு நாளும் அதே வயல், அதே வரப்பு.

ஒரு நாள் ஏரியிலிருந்து கரையேறவே நேரமாகிவிட்டது. இறாலைக் கொட்டிவிட்டு, காலிப் பறியைக் கடித்தபடியே ஈரத்தோடு சாலைக்கு வந்தவள் அப்படியே ஓடத் தொடங்கினாள். கயிற்றை எடுக்கவேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. மூக்கால் வந்த மூச்சு மெதுவாகத்தான் வந்தது, காலும் அதன் வேகத்துக்கே இழைந்தது. சாலை ஏரியின் அடித்தரை போல வழவழத்தது. பனி நீராகிக் கழுத்துவரை ஏறி மிதமான சூட்டோடு அவளைத் தாங்கிக்கொண்டது. வயலில் நின்ற கொக்குகள் தண்ணீருக்கு அடியில் நிற்பதாகத் தோன்றின. ஏரிக்குள் இறங்கினால் லோகநாயகி ஒரு நாளும் இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டவள் இல்லை. விரல் நுனியில் படுகிற சேறு, அடுத்த விரற்கடைச் சேறு, அவ்வளவுதான் உலகம். இப்போதும் அப்படித்தான் இருந்தது.

தலை நிமிர்ந்தபோது வயல்வெளி முதுகுக்குப் பின்னால் போயிருந்தது. மனசு வழக்கம்போலப் புலம்பித்தான் இருக்க வேண்டும். வாயில் பறி இருந்ததால் அவளால் கூடச் சேர்ந்து புலம்ப முடியவில்லை. நடுச்சாலையில் நின்று, பறியைக் கையில் எடுத்து, வாய்விட்டுச் சிரித்தாள்.

மறுநாள் முதல் பறியோடுதான் ஓட்டம். நாய்கள் குரைத்தன, பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். தங்கவேலும் கேள்விப்பட்டான். "மானத்த வாங்குறா," என்றான். ஆனால் அன்றைக்கு இரண்டு வாய் சோறு கூடுதலாகச் சாப்பிட்டான்.

ஓட்டத்தன்று பொன்னேரியில் தடுத்துவிட்டார்கள். மார்பில் குத்திய நம்பர் சீட்டைப் பறி மறைக்கிறதாம். லோகநாயகி சண்டை போடவில்லை. கயிற்றை மட்டும் அறுத்துப் பல்லில் வைத்துக்கொண்டாள். ஏரி உப்பு அதில் ஊறியிருந்தது.

எல்லோரும் பறந்தார்கள், அவள் இழைந்தாள். பனி விலகி வெயில் ஏறியது. தண்ணீர் கொடுக்கிறவர்கள் மேசைகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். பின்தங்கியவர்களை ஏற்றிவரும் ஆட்டோ அவள் பக்கத்தில் வந்து ஊர்ந்தது.

"ஏறிக்கமா, எல்லாரும் போய்ட்டாங்கோ. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

வாயில் கயிறு. வேண்டாமென்று தலையை மட்டும் ஆட்டினாள். வயல்வெளி வந்தது, மனசும் வந்து கூப்பிட்டது. அதற்கும் அதே பதில்தான். கானல் சாலையில் அலையலையாக எழும்ப, அவள் அதற்குள் இறங்கி ஒவ்வொரு விரற்கடையாகத் தடவிக்கொண்டு போனாள்.

பழவேற்காட்டுப் படகுத்துறையில் கூட்டம் கலைந்திருந்தது. முடிவுக்கோட்டின் மேல் நின்ற காற்றடைத்த வளைவை அவிழ்க்க ஆட்கள் குனிந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் தங்கவேல் உட்கார்ந்திருந்தான். இன்னும் சற்று நேரம் சும்மா இருந்தால் போதும், இனி ஊசி வேண்டாமென்று அவன் கேட்டது அவனுக்குக் கிடைத்துவிடும். அப்போது சாலை முனையில் ஒரு உருவம் காலைத் தேய்த்தபடி திரும்பியது.

தங்கவேல் வீங்கிய காலை ஊன்றி எழுந்துவிட்டான். "அவுக்காதீங்கடா!" என்று கத்தினான். "வரா பாரு. என் பொண்டாட்டி வரா. கைய எடுங்கடா அதுலேர்ந்து!"

ஜெனிஃபர் தாங்கிப் பிடிக்காவிட்டால் விழுந்திருப்பான். லோகநாயகி கோட்டைத் தாண்டி நேராக அவனிடம்தான் போனாள். வாயிலிருந்து கயிற்றை எடுத்தாள். அவன் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

அடுத்த முறை வேன் வந்தபோது தங்கவேல் தானாகவே ஏறி உட்கார்ந்தான். மையத்தில் படுக்க வைத்து ஜெனிஃபர் ஊசியை எடுத்ததும், அவன் மனைவி பக்கம் மற்றொரு கையை நீட்டினான்.

"எங்கடி அந்தக் கயிறு?"

முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தாள். அவன் அதைப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்துக்கொண்டு, ஜெனிஃபரைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.