தாகசாந்தியும் ஒரு மரதன்காரியும்

எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் ஓர் அமெரிக்கக்காரி இருந்தாள். நாற்பத்திரண்டு கிலோமீற்றர் மரதன் ஓடுகிறவள். அவளுக்கு நடந்த அநியாயத்தை வாயால் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. கேட்கிறவர்களும் "உது பழங்கதை" என்று தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துவிடுகிறார்கள். எழுதினால் ஒருவரும் குறுக்கே விழ முடியாது.

அவள் சுவிஸில் நாங்கள் இருக்கிற ஓர்லிகோனுக்கு வந்தது 2009 இல். சுவிஸ்காரர் ஒருவரைக் கட்டியிருந்தாள். எங்கள் சனமெல்லாம் செய்தி பார்த்துப் பார்த்துக் கண் வீங்கிக் கிடந்த காலம் அது. படியில் என்னைக் கண்டவள், "உன் வீட்டு ஆட்கள் யாரும் செத்துப்போனார்களா?" என்று நேராகவே கேட்டாள். அந்தக் கட்டடத்தில் வேறு எவரும் அதைக் கேட்கவில்லை. அவளுடைய டொச்சும், அதாவது ஜேர்மன் பாஷையும், அரைகுறை, என்னுடையதும் அரைகுறை. ஆனபடியால் நன்றாக விளங்கிக்கொண்டோம்.

நிலக்கீழ் அறையில் இருந்த உடுப்புத் தோய்க்கும் மெசினுக்கு ஆளுக்கொரு முறைநாள் உண்டு. அவளோ நாளுக்கு இரண்டு தரம் ஓடி, இரண்டு தரம் நனைந்து வருகிறவள். அடுத்தவர் நாளில் மெசினைத் தொட்டாள் என்று கட்டடமே அவளைக் கடித்துக் குதறியது. "என்ரை நாளிலை உன்ரையையும் போடு" என்றேன். மெசின் சுற்றுகிற நேரத்தில் அவள் கதை முழுவதையும் அங்கேதான் கேட்டேன்.

பள்ளிக்கூடத்தில் எந்தப் பந்தைக் கொடுத்தாலும் கை நழுவ விடுவாளாம். பந்தில்லாத விளையாட்டு ஓட்டம் ஒன்றுதான் என்று அதில் தள்ளிவிட்டார்கள். அந்த ஓட்டமே அவளைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனது. பிறகு ஒலிம்பிக்குக்கு ஆள் எடுக்கிற தெரிவு ஓட்டம். அவர்கள் நாட்டில் முதல் மூன்று பேருக்குத்தான் இடம். அவள் நாலாவதாக வந்தாள். "மூன்றாவதாக வந்தவளின் பிடரியை எந்தக் கடையில் கண்டாலும் அடையாளம் காட்டுவேன்" என்றாள். அவளுடைய தகப்பன் ஒரு சொல் சொல்வாராம்: "மழையைத் திட்டினாலும் நனைவாய். அதுக்காகத் திட்டாமல் இருக்காதே." எனக்கு மிகவும் பிடித்துப்போனது. நான் எங்கள் ஆட்களின் சொல் ஒன்றைக் கொடுக்க, அவள் தன் ஊர்ச் சொல் ஒன்றைத் தருவாள்.

இன்னொரு முறை தெரிவு ஓட்டத்தில் நிற்க வேண்டும் என்பதே அவள் ஆசை. அதற்கு முதலில் ஒரு மரதனைக் குறித்த நேரத்துக்குள் ஓடிக் காட்ட வேண்டும். வயது முப்பத்தெட்டு. பாதத்தில் ஓர் எலும்பு கீறல் விட்டிருந்தது. இந்த வருஷம் ஒரே ஒரு மரதன் ஓடலாம், இரண்டாவதை நினைக்கவே வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆகவே ஏரிக்கரையில் வசந்தகாலத்தில் நடக்கிற மரதனை அவள் தெரிந்தெடுத்தாள்.

அதே ஓட்டத்தில் ஒரு தண்ணீர் மேசையை எங்கள் தமிழ்ச் சங்கம் பொறுப்பெடுத்தது. எப்போதும் வெள்ளைச் சட்டையோடு திரிகிற சங்கத்துச் செயலாளருக்கு ஒரே புளுகம், நிலத்தில் கால் பாவாத சந்தோஷம். நாட்டுச் சனத்தோடு கலக்கிறோமாம், பத்திரிகையில் படம் வருமாம். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பதற்கு ஆள் வேண்டுமென்றால் அவரைக் காட்டலாம்.

எங்கள் ஆட்களுக்குத் தண்ணீர் மேசை என்றால் என்ன? தாகசாந்திதானே. தேர்த் திருவிழாவில் வெயிலில் வருகிறவனுக்குத் தேசிக்காய்த் தண்ணி கரைத்துக் கொடுக்கிறது. பாத்திரம் பளிச்சென்று இருக்க வேண்டும், விளிம்பு வரை வார்க்க வேண்டும். அப்படிக் கொடுத்துப் பழகிய ஓர் அக்கா அன்றைக்கு விடிய முதலே வந்து நின்றா. அவவுக்குச் சூக் நகரத்தில் வீடு, அங்கேயே கொம்பனிக் கந்தோர்கள் துப்புரவாக்குகிற வேலை. மேசையின் ஒரு கரையில் ஐந்தாறு போத்தல்கள் இருந்தன. வெளியெல்லாம் பிசுபிசுப்பு, உள்ளே மண்ணிறத்தில் தடித்த ஏதோ ஒன்று, கழுத்தில் கோணல் மாணலாக ஒட்டிய நாடா. அது முன்னணி ஓட்டக்காரர்கள் தங்களுக்கென்று கலந்து, ஓடி வரும்போது அடையாளம் தெரிய நாடா சுற்றி, முதல் நாளே கொடுத்தனுப்பிய பானம். அக்காவுக்கு யார் சொன்னார்கள்? அவ நாடாவைக் கிழித்து, எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, உப்பும் சீனியும் போட்ட தேசிக்காய்த் தண்ணியை நிரப்பி வரிசையாக வைத்துவிட்டா.

நான் ஆசுப்பத்திரிக் குசினியில் காலை வேலை முடித்து ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவள் வந்துகொண்டிருந்தாள். நல்ல ஓட்டம். கையை நீட்டினாள், நாடா இல்லை. கண் இரண்டு தரம் மேசையைத் துழாவியது. ஒன்றை இழுத்தெடுத்து வாய் நிறைய விழுங்கினாள். பழகாத புளிப்பில் முகம் சுருங்கியது. கொஞ்சத் தூரம் போய் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குடித்ததையெல்லாம் சத்தி எடுத்தாள். பிறகும் ஓடினாள். குறித்த நேரத்தை ஒரு நிமிஷத்துக்கும் குறைவாகத் தவறவிட்டாள்.

ஓட்டம் நடத்துகிறவர்களில் ஒருவர் கத்திக்கொண்டு மேசைக்கு வந்தார். செயலாளர் அக்காவை நோக்கிக் கையை நீட்டினார். "அந்த மனுசிக்குப் பாஷை விளங்காது" என்று டொச்சில் சொன்னார். இருபது வருஷம் இந்த நாட்டில் வேலை செய்த அக்காவுக்கு அந்த வசனம் ஒரு எழுத்துப் பிசகாமல் விளங்கியது. பிறகு தமிழிலும் விழுந்தது.

"உங்களை ஆர் உதிலை கை வைக்கச் சொன்னது? சங்கத்தின்ரை மானம் போச்சு."

"ஊத்தைப் போத்தலிலை ஆருக்கும் குடிக்கக் குடுக்கலாமோ, தம்பி?" என்று மட்டும் கேட்டா அக்கா.

அடுத்த கிழமை அக்கா வடை சுட்டுக்கொண்டு அவளைத் தேடி எங்கள் மேல்மாடிக்கு வந்தா. கதவு திறக்கவில்லை. வாசலில் சப்பாத்து கிடந்தது, ஆள் உள்ளேதான். என்னோடும் அவளுக்குப் பேச்சில்லை. நான் குறை சொல்ல மாட்டேன், அவள் தெய்வமில்லை.

கடைசியில் ஒருநாள், என் முறைநாளில், கூடையோடு கீழே இறங்கி வந்தாள்.

"போத்தலைக் கழுவின அந்தப் பெண் ஏன் அப்படிச் செய்தாள்?" என்றாள்.

தாகசாந்தியைச் சொல்லி விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "ஆனால் உங்களுக்குச் சொன்னார்களே. ஓட்டத்துக்கு முதல் நாள் நடந்த கூட்டத்தில் நானும் இருந்தேன். உங்கள் வெள்ளைச் சட்டைக்காரர் எனக்கு முன் கதிரையில் இருந்தார். ஒரு போத்தலைத் தூக்கிக் காட்டி, இதை ஒருவரும் தொடக் கூடாது என்றார்கள். அவர் தலையாட்டினார்."

எனக்கு உச்சி கொதித்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

சங்கக் கூட்டத்தில் எழும்பிக் கேட்டேன். "அண்ணை, போத்தலைத் தொடக்கூடாதெண்டு உங்களுக்குச் சொன்னவையோ, இல்லையோ?"

"என்னென்னவோ சொன்னவை. சங்கத்தின்ரை பேர் அடிச்சு உங்களுக்குப் போடத் தந்த ரீசேட்டுக்கு நான் அண்டைக்கு எவ்வளவு அலைஞ்சனான் தெரியுமோ? ஒரு போத்தல்தானே, பிள்ளை. அவ என்ன முதலாவதாயோ வந்துகொண்டிருந்தவ?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். முதலாவதாக வராதவள் எதற்கு ஓடுகிறாள் என்று நினைக்கிற கூட்டம். ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. எங்கள் சங்கத்துக்கு அந்த அக்கா. அடுத்ததாகச் சங்கத்து விளையாட்டுப் போட்டிக்குப் பிரதம விருந்தினர் யார் என்று கதை போனது. "அந்த அமெரிக்கக்காரியைக் கேட்டால் நோட்டீசுக்கு எடுப்பாயிருக்கும்" என்றார் செயலாளர். போத்தலைக் காப்பாற்றாதவர் பொன்னாடை போர்க்க நிற்கிறார். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன். அக்காவும் என் பின்னாலே வந்தா.

மார்கழி முடிந்து அவர்கள் நாட்டில் தெரிவு ஓட்டம் நடந்தது, அவள் இல்லாமல். அன்றைக்கு வீட்டில் இருந்தால் கணினியைத் திறந்து ஓட்டத்தைப் பார்த்துவிடுவேன் என்று பயந்து என்னிடம் வந்தாள். "அந்தப் பெண்ணிடம் கூட்டிக்கொண்டு போ" என்றாள். இருவரும் சூக்குக்கு ரயில் ஏறினோம்.

அக்கா கதவைத் திறந்துவிட்டு அப்படியே நின்றா. அவள் உள்ளே போய் இருந்துகொண்டு, மெதுவாக, எளிய டொச்சில் சொன்னாள்: "இவ்வளவு நாளும் உன்மேல் கோபமாக இருந்தேன். ஆள் மாறிவிட்டது."

"இப்ப அவனிலை கோபமோ?" என்று அக்கா என்னிடம் கேட்டா. நான் கேட்டுச் சொன்னேன்.

"ஓமாம் அக்கா. சரியான கோபமாம்."

"அப்ப விட வேண்டாமெண்டு சொல்லு, பிள்ளை. நானும் விடேல்லை."