சிவகாமி மகளுக்குச் சைவ மீன் எண்ணெய்

பிள்ளை நடந்துவிடும் என்று அன்றே சொன்னவன் நான்தான்!

எதிர்வீட்டுச் சிவகாமியின் மகள் மூன்று வயதாகியும் கால் ஊன்றவில்லை. எலும்பில் பலமில்லை, மீன் எண்ணெய் கொடுங்கள் என்றார் டாக்டர். சுத்த சைவக் குடும்பம், மறுத்துவிட்டது.

"அது கடல்பாசி மட்டும் தின்னுற சைவ மீனு, தங்கச்சி! கப்பல் கேப்டனே எங்கிட்டச் சொன்னாரு" என்றேன். அதன்பிறகே கொடுத்தாள்.

இன்று சூலியா தெரு மருந்துக்கடை வாசலில் சிவகாமி ரிக்‌ஷாவை விட்டு இறக்கிவிட்ட பிள்ளை, என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்தாள்! நான் நடுத்தெருவில் ஆடியே விட்டேன். ரிக்‌ஷாக்களெல்லாம் நின்றுவிட்டன.

சிவகாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, அந்தச் சைவ மீனு இன்னொரு பாட்டில் வாங்குவோம்லா!" என்றாள்.

எல்லாம் நிஜம். மீன் சைவம் என்பது மட்டும் என் கைச்சரக்கு. அது உண்மையில் என்ன தின்னும் என்று தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள். அவளிடம் மூச்சு விடாதீர்கள்.