பொம்பளைக்கு மாமா பட்டம்

சுரேஷ்குமாரை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் ஒருதலைப்பட்சமாகப் பேசுகிறேன் என்று யாரும் குறைப்பட வேண்டாம்.

குவைத்தில் நாகஜோதி அக்கா வேலை பார்த்த வீட்டுக்கு அடுத்த வீட்டில் நான் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு அருப்புக்கோட்டைப் பக்கம். புருஷன் இல்லை, அகிலா என்று ஒரே மகள். அந்த வீட்டுச் சமையல்காரன்தான் சுரேஷ்குமார். ஊர்க்காரன் வேறு, அக்கா அக்கா என்று உருகுவான்.

அங்கே வீட்டு எஜமானியை வேலைக்காரர்கள் ‘மாமா’ என்றுதான் கூப்பிடுவோம். அம்மா என்று அர்த்தம். அக்காவுக்கு மட்டும் வாய் வரவில்லை. “எந்த ஊர்லயாச்சும் பொம்பளைக்கு மாமா பட்டம் உண்டாடி? எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வருது” என்பாள். அதனால் அவளுக்கு எது வேண்டுமென்றாலும் சுரேஷ்குமார்தான் போய்ப் பேசுவான். அரபி அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

2006ஆம் வருஷம் அந்த நாடு ஒரு நிலையில் இல்லை. ஜனவரியில் மன்னர் இறந்தார். அடுத்து வந்தவர் உடம்பு முடியாதவர். சில நாளிலேயே அவரும் விலகி, இன்னொருவர் வந்தார். கடைக்காரர்கள் படத்தை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார்கள். மே மாதம் நாடாளுமன்றத்தைக் கலைத்தார்கள். ஜூன் கடைசியில் தேர்தல். நாடாளுமன்றத் தேர்தலில் பெண்கள் நிற்பதும் ஓட்டுப் போடுவதும் அதுதான் முதல் தடவை. அக்கா வீட்டு மாமாவும் நின்றார். “இனிமே பொம்பளைக்கும் வாய் இருக்குடி” என்று அக்காவுக்குத் தானே நின்ற மாதிரி பெருமை.

அதே ஆனியில்தான் அகிலாவுக்குக் கல்யாணம் குறித்திருந்தது. அக்கா வழக்கம்போல் அவனைத்தான் லீவு கேட்க அனுப்பினாள். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

“தேர்தல் முடியிற வரைக்கும் லீவு மாஃபி, கிடையவே கிடையாதுன்னுட்டாங்கக்கா. எவ்வளவோ கெஞ்சிப் பாத்தேன்.”

அடுத்த வாரமே அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று அவன் ஊருக்குக் கிளம்பினான். அக்கா அதையும் நம்பினாள். கல்யாணப் புடவையை அவன் கையிலேயே கொடுத்து, “எனக்குப் பதிலா நீ நின்னு நடத்தி வைடா தம்பி” என்று அழுதாள்.

அவன் போனபின், வாசலில் போட்டிருந்த தேர்தல் கூடாரத்துக்கு வருகிற கூட்டத்துக்கெல்லாம் அக்காவே தனியாகச் சமைத்தாள். நடுவில் பேச ஆளில்லை. உப்புக்கும் பருப்புக்கும் கேட்டுக் கேட்டே அரபி பழகியது.

மாமா தோற்றார். நின்ற பெண்களில் ஒருவர்கூட ஜெயிக்கவில்லை. கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அக்கா டீ கொண்டுபோய் வைத்தாள். மாமா நிமிர்ந்து பார்த்து நிதானமாகக் கேட்டார்.

“உன் மகள் கல்யாணம் எப்போது? சமையலுக்கு ஒருவர் இருந்தால் போதும், நீ போய் வா என்று அன்றைக்கே சொன்னேன். கல்யாண நாள் தள்ளிப்போய்விட்டது, அதனால் உனக்குப் பதில் அவனே போய்வருவதாக சுரேஷ் சொன்னானே?”

அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அக்காவுக்குப் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம். நேரே என்னிடம் ஓடி வந்து, “கூடப் பொறந்தவனா நெனச்சேனே, நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டானே” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

கல்யாண லட்டோடு அவன் திரும்பி வந்தான். அக்கா முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டான்.

“நான் ஊரப் பாத்து மூணு வருஷமாச்சுக்கா. ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான்னாங்க…”

அக்கா அதைக் காதில் வாங்கவே இல்லை. “தாலி கட்டுறப்போ புள்ள என்னத் தேடுச்சா?” என்று மட்டும் கேட்டாள்.

“தேடுச்சுக்கா. எங்கம்மாவ விடாத அந்தப் பொம்பள நல்லாருப்பாளான்னு அழுதுச்சு.”

“நீ என்னடா சொன்ன?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “நானும் சேந்து ஏசினேன்க்கா.”

அக்கா லட்டுப் பொட்டலத்தை அவன் கையிலேயே திணித்தாள். பிறகு வீட்டைப் பார்த்துத் திரும்பி, தெருவுக்கே கேட்கும்படி, “மாமா!” என்று கூப்பிட்டாள்.