நான் அழித்த மைனஸ்

1

பிற்பகல் நாலு மணிக்குக் கப்பல் கிளம்ப வேண்டும். காலை பத்தரைக்கு அதன் சீஃப் ஆபீசர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். முந்தைய நாள் நான் அச்சிட்டுக் கொடுத்த கம்ப்யூட்டர் தாளை மேஜைமேல் வைத்து, இதில் ஏதோ தப்பு இருக்கிறது என்றார்.

எழுபதுகளின் கடைசி அது. ஹூக்ளி ஆற்றங்கரையில், கிடர்பூர் துறைமுகத்தை ஒட்டிய ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் நான் புரோகிராமர். வீடு இருந்த டாக்குரியாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. புரொபேஷன் ஆறு மாதம். துளையிட்ட பஞ்ச் கார்டு போட்டால் தாள் கக்கும் மெஷின் ஒன்றை எங்கள் மேனேஜர் சான்யால் பாபு வாடகைக்குப் பிடித்திருந்தார். கப்பலில் ஏற்றும் ஒவ்வொரு சரக்கின் எடையையும் அதில் கொடுத்தால், முழுதாக ஏற்றிய பிறகு கப்பல் தண்ணீரில் எத்தனை மீட்டர் அமிழும் என்று சொல்லும். அந்த ஆழத்துக்கு டிராஃப்ட் என்று பெயர். அதற்கான புரோகிராம் நான் எழுதியது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

சீஃப் ஆபீசர் பெர்னாண்டோ தூத்துக்குடிக்காரர். மேனேஜரிடம் ஆங்கிலத்தில் பேசிவிட்டு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"முழுசா ஏத்தினாலும் ஆறு மீட்டர் பத்துதான் வரும்னு உங்க பேப்பர் சொல்லுது, தங்கச்சி. கடைசி ஹாட்ச் இன்னும் காலியாக் கெடக்கு. இப்பவே ஆறு அறுபத்திரண்டுல நிக்கி. ரெண்டு தடவ படகுல சுத்தி வந்து பாத்துட்டேன்."

அன்றைய நீர்மட்டத்துக்கு ஹூக்ளியின் மணல்திட்டுகளைத் தாண்ட ஆறு மீட்டர் எழுபதுக்கு மேல் அமிழக் கூடாது. அந்த அளவை மீறினால் தரைதட்டும். போகாமல் இருக்கவும் முடியாது. அன்றோடு ஆற்று நீர் உயர்ந்து நிற்கும் பெரிய ஏற்றம் முடிகிறது, விட்டால் பத்து நாள் துறைமுகத்திலேயே கிடக்க வேண்டியதுதான். கடைசி ஹாட்ச் என்ற அந்தச் சரக்கறைக்கான சணல் மூட்டைகள் லாரிகளில் வரிசை கட்டி நின்றன.

சான்யால் பாபு அசரவில்லை. போன மாதம்தான் அமிழும் ஆழத்தைக் காட்டக் கப்பலின் பக்கவாட்டில் போட்ட அளவுக் கோடுகளுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார்கள், கோடு இடம் மாறியிருக்கும் என்றார். மெஷின் கூட்டலில் தப்பு செய்யாது என்றார். பெர்னாண்டோவுக்கே அந்தப் பெயிண்ட் விஷயத்தில் சந்தேகம் வந்துவிட்டது. பதிவான சரக்கைக் கரையில் விட்டுப் போக எழுத்தில் ஒரு காரணம் வேண்டும், இல்லாவிட்டால் கேப்டன் ஏற்றச் சொல்லிவிடுவார் என்று மட்டும் சொன்னார். சரிபார்க்கப் பன்னிரண்டரை வரை பொறுப்பதாகச் சொல்லி அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

அந்த அறையில் எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது.

2

முந்தைய நாள் மொத்த எடை முதலில் மைனஸில் வந்தது. மைனஸ் 24,524 குவிண்டால். அதற்கு முன் நான் கணக்குப் போட்டவை எல்லாம் சின்னக் கப்பல்கள், இப்படி வந்ததே இல்லை. எங்கேயோ கூட்டலுக்குப் பதில் கழித்தல் போட்டிருப்பேன் என்று நினைத்தேன். தேடிப் பார்க்க நேரமில்லை, ஐந்து மணிக்குத் தாள் போயாக வேண்டும். மைனஸைப் பிளஸ் ஆக்கும் ஃபங்க்ஷன் ஒன்று உண்டு. அதை அந்த வரியில் செருகினேன். எண் பார்வைக்கு ஒழுங்காகிவிட்டது. சான்யால் பாபுவிடம் போன தாளில் டிராஃப்ட் மட்டும்தான் அச்சாகும், மொத்த எடை அச்சாகாது. அதனால் யாரும் கேட்கவில்லை.

இப்போது அவர் மொத்தத்தைத் தனியாக அச்சிடச் சொன்னார். 24,524 என்று வந்தது. உடனே கார்டு பஞ்ச் செய்பவரைக் கூப்பிட்டார்.

மினதி தீதிக்கு என்னைவிடப் பதினைந்து வயது அதிகம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வேலையை நீட்டித்து வாங்க வேண்டிய தற்காலிக ஊழியர். அந்த வாரம் அவருடைய நீட்டிப்புக் காகிதம் சான்யால் பாபுவின் மேஜையில்தான் இருந்தது. இருநூற்றுச் சொச்சம் கார்டுகளையும் கைப்பிடி இழுத்துக் கூட்டும் ஆடிங் மெஷினில் கூட்டச் சொன்னார் மேனேஜர். கார்டில் தப்பு இருந்தால் இந்த ஆபீசில் இதுதான் கடைசி நாள் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

எடைகளை நான் படிக்க வேண்டும், அவர் கைப்பிடி இழுக்க வேண்டும். படித்தேன். ஒரு மணி நேரம் வாய் எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தது, மனதில் மைனஸ் நின்றது. சொன்னால் என் புரொபேஷன் அன்றோடு முடியும். கார்டிலேயே ஏதாவது தப்பு இருக்காதா என்றுகூட வேண்டிக்கொண்டேன். இதை எழுத இப்போதும் கை கூசுகிறது.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மொத்தம் வந்தது. 41,012.

சான்யால் பாபு ஆடிங் மெஷினின் தாள் சுருளைப் பார்த்தார், மெஷின் தாளைப் பார்த்தார். கார்டு தப்பா, இல்லை உன் விரல் தப்பா என்று மினதி தீதியைக் கேட்டார். முதலிலிருந்து கூட்டச் சொன்னார். தீதி விரல்களைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, சுருளைக் கிழித்து வைத்துவிட்டு, ஆடிங் மெஷினைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, முதல் கார்டுக்காக என் முகத்தைப் பார்த்தார்.

நான் கார்டை எடுக்கவில்லை. கிழித்த சுருளின் பின்பக்கம் அந்த இரண்டு எண்களையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டினேன். 65,536.

எங்கள் மெஷினில் ஒரு முழு எண்ணுக்கு ஒதுக்கிய இடத்தில் மொத்தமே 65,536 விதமான எண்கள்தான் அடங்கும். பாதி மைனஸுக்கு, மீதி பூஜ்யத்துக்கும் பிளஸுக்கும். அதனால் 32,767க்கு மேல் ஒன்று கூடினாலும், டாக்சியின் கிலோமீட்டர் மீட்டர் ஒன்பதெல்லாம் தீர்ந்து பூஜ்யத்துக்குப் புரள்வதுபோல, எண் மைனஸின் அடிக்குப் போய்விடும். மெஷின் சத்தம் போடாது, நிற்காது. பயிற்சி வகுப்பில் இதைச் சொன்னார்கள், நான் நோட்டில் சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டிருந்தேன். அடிக்கோடு போட்டால் தெரிந்துவிட்டது என்று நினைக்கும் ரகம் நான். வேகமாக ஓடுமே என்று எல்லாவற்றையும் முழு எண்ணாகவே வைத்திருந்தேன்.

"கார்டு சரி. தீதி கூட்டினதும் சரி. தப்பு என் புரோகிராம்ல. நேத்து மொத்தம் மைனஸ்ல வந்தது, நான்தான் அதைப் பிளஸ் ஆக்கினேன்" என்றேன்.

சான்யால் பாபு கத்துவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டார்.

"மைனஸ் ஏன் வந்துதுன்னு நேத்து தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாததை அழிச்சிருக்கே."

உண்மையான மொத்தத்தை வைத்துக் கையால் கணக்குப் போட்டோம். முழுதாக ஏற்றியிருந்தால் ஆறு மீட்டர் தொண்ணூற்றிரண்டு. பெர்னாண்டோ இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெயிண்ட் அடித்த கோட்டில் தப்பே இல்லை. சரக்கை நிறுத்தச் சொல்லி சான்யால் பாபு கடிதம் எழுதினார். லாரிகள் திரும்பிப் போயின. நாலு மணிக்குக் கப்பல் கிளம்பியது. மணல்திட்டுகளைத் தாண்டிவிட்டது என்று மறுநாள் செய்தி வந்தது.

3

திருத்தம் ஒரே வரிதான். மொத்தத்தை முழு எண்ணாக இல்லாமல், பெரிய எண்களும் தசமங்களும் அடங்கும் ரியல் வகையாக மாற்றினேன், அந்த ஃபங்க்ஷனை எடுத்தேன். பத்து நிமிட வேலை. என் புரொபேஷனை மூன்று மாதம் நீட்டினார்கள். மினதி தீதியின் காகிதத்தில் அன்று மாலையே கையெழுத்தாகிவிட்டது.

கிளம்பும்போது அவர் என் மேஜைக்கு வந்தார்.

"நான் முதல் தடவை கூட்ட ஆரம்பிச்சப்பவே உனக்குத் தெரியுமா?" என்று வங்காளியில் கேட்டார்.

பொய் சொல்ல அப்போதும் வழி இருந்தது. தெரியும் என்றேன். அவர் ஆடிங் மெஷினுக்கு உறை போட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு முப்பது வருடம் இந்த வேலையில் இருந்தேன். எந்த வேரியபிளில் எவ்வளவு பெரிய எண் அடங்கும் என்பதைப் புதிதாகச் சேர்கிறவர்கள் புத்தகத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். நான் சொல்ல வருவது வேறு. புரியாத விடை வந்தால் அதை அழகுபடுத்தாதீர்கள், அப்படியே பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுங்கள். முந்தைய நாள் நான் காட்டியிருந்தால் வெட்கத்தோடு போயிருக்கும். மினதி தீதி அந்த ஆபீசில் இருந்த வரை என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் நான் படிக்கும் எண்ணை ஒருமுறை தானே கார்டில் பார்த்த பிறகுதான் கைப்பிடியை இழுப்பார்.